வீட்டிலேயே ஒரு கீர்த்தனையைப் பதிவுசெய்வது எப்படி: அறை முதல் மிக்ஸிங் வரை

கர்நாடக இசை பாடுபவர்கள் பலருடைய வீட்டில் இன்று ஒரு மைக்கும் மடிக்கணினியும் இருக்கின்றன. ஆனால் இணையத்தில் கிடைக்கும் பதிவுப் பாடங்களில் பெரும்பாலானவை கிட்டாரையும் டிரம் செட்டையும் மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. அந்த அளவுகளை வாய்ப்பாட்டுக்கும் மிருதங்கத்துக்கும் அப்படியே வைத்தால் கமகம் (சுரத்தின் அசைவு) மழுங்கிவிடும். மிருதங்கத்தின் இடப்பக்கத் தலையான தொப்பியில் எழும் கும்கி என்ற ஆழ்ந்த ஒலி இருந்த இடம் தெரியாமல் போய்விடும். ஆகவே இங்கே ஒரு குரல், ஒரு தம்புரா, ஒரு மிருதங்கம் என்ற மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆதி தாளத்தில் ஒரு கீர்த்தனை, வீட்டின் ஒரு படுக்கையறை. இதைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொண்டால் பிறகு வயலினோ வீணையோ கடமோ சேரும்போது திணற வேண்டியிருக்காது.

நல்ல பதிவுக்கான வேலையில் பெரும்பங்கு, பதிவுப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பது என் உறுதியான நம்பிக்கை. பதிவான ஒலிகளைக் கலந்து சமன்செய்யும் கட்டம்தான் மிக்ஸிங். ‘மிக்ஸிங்கில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிவைக்கும் குறைகளில் முக்கால்வாசி அங்கே தீராது. அறையின் எதிரொலி குரலோடு கலந்துவிட்டால் அதைப் பிரித்தெடுப்பது மிகவும் கடினம். அதனால் அறையைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

அறையைத் தேர்ந்தெடுப்பது

வீட்டில் இருக்கும் அறைகளில் பொருட்கள் அதிகமாக அடைந்திருக்கும் அறையைத் தேர்ந்தெடுங்கள். கட்டில், மெத்தை, துணி நிறைந்த அலமாரி, புத்தக அடுக்கு எல்லாம் உங்களுக்கு உதவி செய்பவை. பளிங்குத் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள விசாலமான கூடம் பாடும்போது காதுக்கு இனிமையாக இருக்கும். மைக்கில் அது ஆகாது. அறையின் நடுவே நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டல் ஓய்ந்த பிறகு ‘ட்ர்ர்ர்’ என்று ஒரு சிறு அதிர்வு தொடர்ந்தால், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி பந்தாடுகிறது என்று பொருள். அலமாரிக் கதவுகளைத் திறந்துவையுங்கள், ஒரு சுவரில் கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள், மறுபடி தட்டுங்கள். அந்த அதிர்வு மறையும் வரை இதைத் தொடருங்கள்.

முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டும் பழக்கம் இன்னும் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். வெளிச் சத்தத்தை அவை தடுப்பதில்லை, உள்ளே கீழ்ஸ்தாயி ஒலியையும் உறிஞ்சுவதில்லை, தீப்பிடித்தால் ஆபத்து. அரை அங்குல ஸ்பாஞ்சும் மேல் அலைவரிசைகளை மட்டுமே குறைக்கிறது. விளைவு, பளிச்சென்ற தன்மை போய் மூடிய பானைக்குள் பாடியதுபோன்ற குரல்தான் கிடைக்கும். இந்த வேலைக்கு ஏற்றது பழைய பஞ்சு மெத்தை.

அந்த மெத்தையை எங்கே வைப்பது? பலரும் மைக்கின் பின்னால் வைக்கிறார்கள். பாட்டுக்குப் பயன்படும் பெரும்பாலான மைக்குகள் கார்டியாய்டு வகை: முன்னால் வருவதை வாங்கும், பின்னால் வருவதை ஒதுக்கும். மைக் பாடகரைப் பார்க்கிறது. அதன் பார்வையில் படுவது பாடகருக்குப் பின்னால் உள்ள சுவர். ஆகவே மெத்தையைப் பாடகரின் முதுகுக்குப் பின்னால் நிமிர்த்தி வையுங்கள். இரண்டாவது மெத்தை இருந்தால் அதைத் தரைக்குக் கொடுங்கள். நம் பாடகர்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து பாடுகிறார்கள். வாய்க்கும் தரைக்கும் உள்ள தூரம் இரண்டரை அடிதான் இருக்கும். தரையில் பட்டுத் திரும்பும் ஒலி, நேராக வரும் ஒலியைவிடச் 3 முதல் 4 மில்லிசெகண்ட் தாமதமாக மைக்கில் விழுந்து, சில சுரங்களைத் தடிப்பாகவும் சிலவற்றை மெலிந்தும் காட்டும். வெறும் ஜமக்காளம் இதற்குப் போதாது. மெத்தையைப் போட்டு அதன்மேல் ஜமக்காளத்தை விரித்துக்கொள்ளுங்கள்.

மின்விசிறி, குளிர்சாதனம், ஃபிரிட்ஜ் மூன்றும் அணைந்திருக்க வேண்டும். வெயில் காலத்தில் இது பெரிய சோதனைதான். ஒவ்வொரு டேக்குக்கும் (ஒருமுறை பாடிப் பதிவுசெய்வதற்கும்) இடையே விசிறியைப் போட்டுக்கொள்ளுங்கள். குரலை இரவு பத்து மணிக்கு மேல் பதிவுசெய்வது நல்லது. மிருதங்கத்தைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள், அண்டை வீட்டார் தூங்க வேண்டும்.

கருவிகள்

கையில் ஒன்றும் இல்லாதவர் வாங்கவேண்டியவை: இரண்டு மைக் உள்ளீடுகள் கொண்ட ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஒரு கண்டென்சர் மைக், தாழ்வாக இறக்கக்கூடிய பூம் ஸ்டாண்டு, பாப் ஃபில்டர் (வாய்க்காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் வலை), காதை முழுதாக மூடும் ஹெட்போன். கண்டென்சர் மைக் வேலை செய்ய 48 வோல்ட் மின்சாரம் வேண்டும். இன்டர்ஃபேஸில் அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கும். தெருச் சத்தம் ஓயாத வீடு என்றால் டைனமிக் மைக் நல்லது. 1966-ல் வந்த ஷூர் எஸ்.எம்.58 இன்றும் உலகெங்கும் மேடைகளில் நிற்கிறது. அதை வீட்டில் பயன்படுத்துவதில் எந்தக் குறைவும் இல்லை. மென்பொருளுக்கு மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் இலவசம். மற்றவர்கள் ரீப்பரை 60 நாள் முழு வசதிகளோடு சோதித்துப் பார்க்கலாம். பிளக்-இன்களை (ஒலியைத் திருத்தும் துணை மென்பொருள்களை) வாங்கிக் குவிக்காதீர்கள். மென்பொருளோடு வருபவையே இந்த வேலைக்குப் போதும்.

மென்பொருளில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவுக்கும் அதே அளவுதான் வழக்கம். ஒரு நிமிட மோனோ ட்ராக் (ஒற்றை ஒலித்தடம்) சுமார் 8.6 மெகாபைட் இடம் பிடிக்கும்.

தம்புராவை முதலில் பதிவுசெய்யுங்கள்

பெரும்பாலோர் செய்யும் தவறு, சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் ஒலிக்கவிட்டுப் பாடுவது. அப்படிச் செய்தால் குரல் ட்ராக்குக்குள் தம்புராவும் உட்கார்ந்துவிடும். பிறகு பாட்டின் இரண்டு டேக்குகளை ஒட்டவைக்கும்போது, ஒட்டிய இடத்தில் தம்புராவின் மீட்டு பாதியில் அறுந்து தெரியும். எனவே தம்புராவை மட்டும், கேபிள் வழியாக நேரடியாகவோ ஒலிக்கோப்பாகவோ, தனி ட்ராக்கில் பத்து நிமிடத்துக்குப் போட்டுவிடுங்கள். அதை ஹெட்போனில் கேட்டபடி பாடுங்கள். ஹெட்போனில் ஒரு காதை மட்டும் மூடி மறு காதைத் திறந்துவைப்பது பல பாடகர்களுக்கு வசதியாக இருக்கிறது; தன் குரலை இயல்பாகக் கேட்டால்தான் சுருதி நிற்கும். திறந்திருக்கும் பக்கத்து ஒலியை மென்பொருளில் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் தம்புரா அந்த வழியாகவே கசியும்.

தன் குரல் ஹெட்போனில் சற்றுத் தாமதமாகக் கேட்டால் பாடகர் தடுமாறுவார். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்ற வசதி (குரல் கணினிக்குப் போய்வராமல் நேராகக் கேட்பது) இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் மென்பொருளின் பஃபர் அளவை (ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் அளவை) 128-க்குக் குறையுங்கள். மிக்ஸிங் நேரத்தில் 1024-க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

குரல்

மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் தூரத்தில், மூக்கு உயரத்தில், வாயை நோக்கிச் சற்றே சாய்த்து வையுங்கள். நேர் எதிரே வைத்தால் ‘ப’ வரும்போது காற்று மோதும். ரொம்ப நெருங்கினால் கீழ்ஸ்தாயி செயற்கையாகத் தடிக்கும். கார்டியாய்டு மைக்கின் இயல்பு அது. தார ஸ்தாயியில் சஞ்சரிக்கும்போது பாடகர் முகத்தைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொள்வது நல்ல பழக்கம். மேடையில் பாடியவர்களுக்கு இது தானாகவே வரும்.

கெயினை (மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவை) எப்படி வைப்பது? பாட்டின் மெல்லிய பகுதியைப் பாடச்சொல்லி வைக்காதீர்கள். அனுபல்லவியின் உச்சத்தை, அதுவும் முழு உற்சாகத்தோடு பாடச்சொல்லுங்கள். அந்த இடத்தில் மீட்டர் மைனஸ் 10 டெசிபலைத் தொட்டால் போதும். 24 பிட்டில் குறைவாகப் பதிவானதைப் பிறகு தாராளமாக உயர்த்தலாம். பூஜ்யத்தைத் தாண்டி நசுங்கியதை மீட்க முடியாது.

இன்னொரு விஷயம் நம் இசைக்கே உரியது. தாளம் போடும் கை தொடையில் விழும் சத்தம் மைக்கில் தெளிவாகப் பதிவாகும். மடித்த துண்டு ஒன்றை மடியில் போட்டுக்கொண்டால் பெருமளவு அடங்கிவிடும். ஆனால் பல்லவி தொடங்கும் முன் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) முழுதும், எட்டு அட்சரத்தையும், வேண்டுமென்றே கேட்கும்படி தட்டிப் பதிவுசெய்யுங்கள். மிருதங்கக் கலைஞர் பிறகு தனியாக வாசிக்கப்போகிறார். எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) இல்லாமல் அரை இடம் தள்ளி இருந்தால், அந்த ஆவர்த்தனம் இல்லாமல் சமம் எங்கே என்று அவருக்குத் தெரிய வழியில்லை. கடைசியில் அதை வெட்டிவிடலாம்.

முழுக் கீர்த்தனையையும் நிறுத்தாமல் பாடி இரண்டு மூன்று டேக்குகள் எடுங்கள். துண்டு துண்டாகப் பாடினால் காலப்பிரமாணம் ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் மாறும், பாட்டின் உணர்ச்சி பாவமும் தொடர்ச்சி இழக்கும். முழு டேக் கையில் இருந்தால், குறையுள்ள ஒரு வரியை மட்டும் மற்ற டேக்கிலிருந்து எடுத்து ஒட்டலாம். எங்கே ஒட்டுவது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. கமகத்தின் நடுவில் ஒருபோதும் வெட்டாதீர்கள். ‘க்க’, ‘த்த’, ‘ப்ப’ என்று வல்லினம் இரட்டிக்கும் இடத்தைத் தேடுங்கள். அங்கே உதடோ நாவோ காற்றை ஒரு கணம் முழுதாக அடைக்கிறது. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கோடு ஏறக்குறையத் தட்டையாகத் தெரியும். அந்தத் தட்டைக்குள் வெட்டி, 5 முதல் 10 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேட் (ஒன்று தேய மற்றொன்று எழும் இணைப்பு) கொடுத்தால் பாடியவருக்கே ஒட்டு தெரியாது.

மிருதங்கம்

சுருதி சேர்ப்பதில் அவசரம் கூடாது. வலந்தலையில் (வலப்பக்கத் தலையில்) கரணை என்ற கறுப்புப் பூச்சு இட்டிருப்பதால்தான் அதன் மேல் அதிர்வுகள் ஒத்திசைந்து வருகின்றன, சர் சி.வி.ராமன் 1920-ல் நேச்சர் இதழில் இதைப் பற்றி எழுதினார். சாதாரண டிரம்மில் இல்லாத இந்தக் குணத்தினால், மிருதங்கம் கொஞ்சம் இறங்கியிருந்தாலும் தம்புராவோடு முட்டுவது உடனே கேட்கிறது. ஈக்யூ (அலைவரிசைகளை ஏற்றி இறக்கும் கருவி) போட்டு இதைச் சரிசெய்ய இயலாது. பதிவான அதே தம்புரா ட்ராக்கை ஹெட்போனில் கொடுத்து, கல்லும் புள்ளும் (சிறு மரக்குச்சியும்) கொண்டு சேர்க்க மிருதங்கக் கலைஞருக்கு வேண்டிய நேரத்தைக் கொடுங்கள். குளிர்சாதன அறையிலிருந்து கொண்டுவந்த வாத்தியம் என்றால் தோல் அறைக்குப் பழகும் வரை காத்திருங்கள். தொப்பியில் போட்ட ரவை காயக் காய நாதம் மாறும். நீண்ட டேக்குகளுக்கிடையே அதையும் கேட்டுப் பாருங்கள்.

இரண்டு மைக் இருந்தால் தலைக்கு ஒன்று, ஒன்று முதல் ஒன்றரை அடி தூரத்தில். வலந்தலை மைக்கை நேராக நடுவை நோக்காமல் விளிம்புப் பக்கம் சற்றுத் திருப்பினால் ‘நம்’, ‘தீம்’ இரண்டும் நீண்டு ஒலிக்கும். அரை அடிக்குள் கொண்டுபோனால் விரலின் தட்டல்தான் பெரிதாகக் கேட்கும், நாதம் வராது. இரண்டையும் பதிவுசெய்த பிறகு ஒரு ட்ராக்கில் ஃபேஸ் பொத்தானை (ஒலி அலையைத் தலைகீழாக்கும் பொத்தானை) மாற்றி மாற்றி அழுத்திக் கேளுங்கள். எந்த நிலையில் தொப்பி நிறைவாகக் கேட்கிறதோ அதில் விட்டுவிடுங்கள். ஒரே மைக்தான் என்றால் வாத்தியத்துக்கு முன்னால் இரண்டடி தள்ளி, சற்று மேலிருந்து நடுவை நோக்கி வையுங்கள். இரு தலைகளின் சமநிலையை மைக்கை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்த்தியே கொண்டுவர வேண்டும். வாசிப்பவரையே ஹெட்போனில் கேட்கச் சொல்லி நகர்த்துங்கள். அவர் காதுதான் இதில் நம்பத்தகுந்தது.

மிக்ஸிங்

எந்தப் பிளக்-இன்னையும் திறப்பதற்கு முன் ஃபேடர்களை (ஒலியளவுத் தள்ளிகளை) மட்டும் வைத்து மூன்றையும் சமன்செய்யுங்கள். குரல் முன்னால், மிருதங்கம் அதை ஒட்டி, தம்புரா குரல் நின்ற இடைவெளியில் மட்டும் தெரியும் அளவு. இந்த நிலையிலேயே பாட்டு கேட்கும்படி இருக்க வேண்டும். இல்லையென்றால் பதிவில் ஏதோ குறை இருக்கிறது, அங்கே திரும்பிப் போங்கள்.

குரலில் முதலில் ஹை-பாஸ் ஃபில்டர், அதாவது குறிப்பிட்ட அலைவரிசைக்குக் கீழே உள்ளதை வெட்டும் வடிகட்டி. எல்லாரும் 100 ஹெர்ட்ஸ், 120 ஹெர்ட்ஸ் என்று ஒரே எண்ணைச் சொல்வார்கள். சுருதியைப் பார்க்காமல் அதைப் பின்பற்றாதீர்கள். ஒரு கட்டையில் (C சுருதியில்) பாடும் ஆண் குரலுக்கு மத்திய ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ், மந்தர பஞ்சமம் 98. அங்கே 120-ல் வெட்டினால் மந்தர ஸ்தாயி சஞ்சாரத்தின் உயிரையே வெட்டுகிறீர்கள். 70 ஹெர்ட்ஸோடு நிறுத்துங்கள். ஐந்து கட்டையில் (G சுருதியில்) பாடும் பெண் குரலுக்கு ஸட்ஜம் 196, மந்தர பஞ்சமம் 147. அவருக்கு 110 வரை தாராளமாகப் போகலாம். குரல் மந்தமாகக் கேட்டால் 250 முதல் 400 ஹெர்ட்ஸ் பகுதியில் இரண்டு மூன்று டெசிபல் குறையுங்கள். சாகித்தியம் தெளிவாகத் தெரியவில்லை என்றால் 3 கிலோஹெர்ட்ஸ் அருகே சிறிது ஏற்றுங்கள். ‘ச’, ‘ஸ’ காதில் குத்தினால், அந்தச் சீற்றத்தை அடக்கும் டீ-எஸ்ஸரைப் போடுங்கள்.

பின்னால் மெல்லிய ‘ம்ம்’ என்ற இரைச்சல் கேட்டால் அது நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸாகவோ அதன் மடங்குகளாகவோ இருக்கலாம். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் பதிவுசெய்தால் பல வீடுகளில் இது நின்றுவிடும்.

உரத்த இடங்களை அடக்கி ஒலியளவைச் சமமாக்கும் கம்ப்ரெஸரைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. கர்நாடக சங்கீதத்தில் ஒரு வரி மெல்லத் தொடங்கி மேலே போய் விரிவதுதான் அழகு. அதைத் தட்டையாக்கி விடாதீர்கள். வாக்கியம் வாக்கியமாக ஒலியளவைக் கையால் வரைந்து சரிசெய்யுங்கள். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் பலன் நிச்சயம். அதன் பிறகு 2:1 விகிதத்தில், அட்டாக் (அடக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 20 மில்லிசெகண்டுக்குக் குறையாமல், உச்சங்களில் இரண்டு மூன்று டெசிபல் மட்டும் அடங்கும்படி கம்ப்ரெஸரைப் போட்டால் போதும்.

சுருதியைத் தானாகத் திருத்தும் பிளக்-இன்களை இந்த இசைக்குப் பயன்படுத்தவே வேண்டாம். அவை குரலைப் பக்கத்தில் உள்ள சுரத்துக்கு இழுத்து நிறுத்தும்படி செய்யப்பட்டவை. தோடியின் காந்தாரம் அசைந்துகொண்டே இருப்பது. அந்த அசைவைப் பிழை என்று எடுத்துக்கொண்டு அது நேராக்கிவிடும். ராகம் போய்விடும். சுருதி விலகிய வரியை மறுபடி பாடிப் பதிவுசெய்வதுதான் வழி.

மிருதங்கத்தின் இரு ட்ராக்குகளையும் இடமும் வலமும் கால்வாசிக்கு மேல் விலக்காதீர்கள். ஒரே வாத்தியம், அறையின் இரு மூலைகளில் இருப்பதாகத் தோன்றக்கூடாது. குரல் நடுவில். கைபேசியின் சிறிய ஒலிபெருக்கி தொப்பியின் ஆழ்ந்த ஒலியை அநேகமாகக் காட்டாது. அதற்காக அடி ஒலியை ஏற்றிக்கொண்டே போனால் ஹெட்போனில் கேட்பவருக்கு இடிபோல் விழும். கும்கியின் மேல் அதிர்வுகள் இருக்கும் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் பகுதியை லேசாகத் தூக்கிப் பாருங்கள், கைபேசியிலும் தெரியவரும்.

ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) ஒன்றே ஒன்று போதும். அதைத் தனி ட்ராக்கில் போட்டு, குரலையும் மிருதங்கத்தையும் வெவ்வேறு அளவில் அதற்கு அனுப்புங்கள். இருவரும் ஒரே சபையில் அமர்ந்திருப்பதாகத் தோன்றும். நீளம் ஒன்றரை விநாடிக்குள், ப்ரீ-டிலே (எதிரொலி தொடங்கும் முன் உள்ள இடைவெளி) 20 முதல் 30 மில்லிசெகண்ட், ரிவெர்ப்புக்குள் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். அளவை விளம்ப காலப் பகுதியில் வைத்து முடிவுசெய்யாதீர்கள், அங்கே எவ்வளவு போட்டாலும் இனிக்கும். சிட்டைஸ்வரத்திலோ மத்யம கால சாகித்தியத்திலோ வைத்துப் பாருங்கள். சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் அதிகம்.

கடைசி வேலைகள்

மிக்ஸ் செய்த அன்றே வெளியிடாமல் மறுநாள் காலை, மிதமான ஒலியில் கேளுங்கள். நீங்கள் மதிக்கும் ஒரு கச்சேரிப் பதிவை அதே ஒலியளவுக்குக் கொண்டுவந்து அருகருகே வைத்துக் கேட்டால் உங்கள் பதிவின் குறை உடனே தெரியும். பிறகு கைபேசியில், காரில், சாதாரண இயர்போனில்.

ஒலியளவை அளக்கும் மீட்டரில் எல்.யூ.எஃப்.எஸ் என்று, காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தைக் காட்டும் ஓர் எண் வரும். யூடியூப் மைனஸ் 14-க்கு மேல் சத்தமாக இருப்பதைத் தானே குறைத்துவிடுகிறது. எனவே நெருக்கிப் பிழிந்து சத்தத்தைக் கூட்டுவதில் லாபமில்லை. வாய்ப்பாட்டுக்கு மைனஸ் 16 நல்ல இடம். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக்கூடாது. கோப்பை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (WAV) ஆக எடுங்கள்.

வெளியிடும் முன் மிருதங்கக் கலைஞருக்கு அனுப்பி அவர் சம்மதத்தைக் கேளுங்கள். வாத்தியத்தின் அளவைப் பற்றி அவர் சொல்வதை மதித்து மாற்றுங்கள். எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு ட்ராக்கையும் பாட்டின் முதல் நொடியிலிருந்து தொடங்கும் தனித்தனி வேவ் கோப்புகளாக எடுத்து, பெயரிலேயே ராகம், தாளம், சுருதிக் கட்டை, தேதி நான்கையும் எழுதி, இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமித்து வையுங்கள். நாளைக்கு மென்பொருள் மாறினாலும், வயலின் சேர்க்கலாம் என்று தோன்றினாலும், அந்தக் கோப்புகளை எதில் வேண்டுமானாலும் திறந்து அதே தம்புராவோடு தொடரலாம்.